கூட ஒன்று

என் தங்கைக்கு எங்கள் தெருவில் வேடிக்கை டாக்டர் என்று பெயர். நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள், உள்ளே நுழைந்ததும் டாக்டர் ஊசியைக் கையில் எடுப்பார் என்று எதிர்பார்ப்பார்கள். அவள் எடுக்கமாட்டாள். பிராணியைத் தரையில் விடச் சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா பார்ப்பாள். எப்படி நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, மூச்சு இழுக்கும்போது வயிறு எப்படி அசைகிறது என்று பார்ப்பாள். "இதை வேடிக்கை பாக்கவா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேன்?" என்று ஒரு அம்மாள் ஒருநாள் கேட்டுவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்படி வேடிக்கை பார்த்துத்தான், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும் குட்டி நாய் ஒன்றின் நோயைக் கண்டுபிடித்தாள். மூன்று டாக்டர்கள் பைத்தியம் என்று சொல்லி அனுப்பிய நாய் அது. "சாப்பிட்டதும்தானே முட்டுது? அப்ப கோளாறு தலையில இல்ல, சாப்பாடு போற வழியில" என்றாள். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாகாமல், பிறவியிலேயே இருந்த ஒரு குறுக்குக் குழாய் வழியாக நழுவிப் போய்க்கொண்டிருந்தது. வயிற்றைத் திறந்து அந்தக் குழாயைச் சுற்றி ஒரு சின்ன வளையத்தை மாட்டினாள். ஈரத்தில் ஊறி ஊறி உப்பி, சில வாரங்களில் குழாயைத் தானே நெரித்து மூடிவிடும் வளையம் அது. இரண்டு மாதம் கழித்து அந்த நாய் என் செருப்பைக் கடித்துத் துப்பிவிட்டுப் போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாடியிலிருந்து விழுந்து எழுந்த பூனை ஒன்று ஒரு மாதம் கழித்து மூச்சுத் திணறி வந்தபோது, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டவள் என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். நெஞ்சுக்குள் குடல் உறுமிக்கொண்டிருந்தது. நடுவிலிருக்கும் திரை கிழிந்து, வயிற்றில் இருக்க வேண்டியதெல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்துத் தைத்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதையெல்லாம் எனக்குப் புரியும்படி அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய மோட்டார் பட்டறையில் ஸ்டோர் பார்த்தேன். ஸ்பேனர், சாவி, திருப்புளி எதுவானாலும் என் ஜன்னல் வழியாகத்தான் போகும், என் ஜன்னல் வழியாகத்தான் வரும். சாயங்காலம் பலகையில் ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஒரு வண்டியும் வெளியே போகாது. எஞ்சினுக்குள் திருப்புளியை மறந்துவிட்டு மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கூடுதலாக ஏதாவது திரும்பி வந்தால் மட்டும் கவலைப்படமாட்டோம். என்றைக்கோ எவனோ எடுத்துப் போனது இன்றைக்கு வந்திருக்கிறது, நல்லதுதான் என்று வாங்கி வைத்துக்கொள்வோம்.

பட்டறையை மூடியதும் தங்கை கூப்பிட்டாள். "அண்ணா, எனக்குச் சாமான் பாத்துக்க ஆள் வேணும். உன்னை மாதிரி முணுமுணுக்கற ஆளாப் பாத்து வேணும்." அப்படித்தான் வந்து சேர்ந்தேன். வெளியாட்கள் முன்னால் அவளை டாக்டர் என்று கூப்பிடுவேன். வீட்டில் பாப்பாதான்.

ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றி எடுக்கும் காஸ் துணியை நாங்களே தயாரித்தோம். என் மனைவி உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நூல் பிரிந்து உள்ளே விழாமலிருக்க நாலு ஓரமும் நீல நூலால் மெஷினில் அடிப்பாள். பத்துப் பத்தாகக் கட்டி நான் அவித்து எடுப்பேன். தியேட்டர் சுவரில் பட்டறையில் இருந்ததைப் போலவே ஒரு பலகை அடித்தேன். வரிசைக்குப் பத்துக் கொக்கி. தங்கை ரத்தத் துணியைக் கீழே தட்டில் போடுவாள். நான் இடுக்கியால் எடுத்துக் கொக்கிக்கு ஒன்றாக மாட்டுவேன். கொக்கி நிறைந்து "சரி" என்று நான் சொன்ன பிறகுதான் அவள் வயிற்றைத் தைத்து மூடுவாள். பதிவேட்டில் போனது பத்து, வந்தது பத்து என்று எழுதுவேன். எப்போதாவது பதினொன்று வரும். "கூட 1" என்று எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சத்தம் போடுவேன்.

"பத்து எண்ணத் தெரியாதா உனக்கு?"

"பத்துதான் வச்சேன். உங்க கண்ணைப் போய்ப் பாருங்க" என்பாள். குறைந்தால்தானே ஆபத்து என்று நானும் விட்டுவிடுவேன். ஆறு வருடத்தில் ஒருமுறைகூடக் குறைந்ததில்லை. அதில் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்க விரும்பவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவர் ஒரு பெட்டை நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஆள் கதவு உயரம் இருப்பார். பழுப்பு நாய், முன் இடது பாதம் மட்டும் வெள்ளை. எலும்பு எண்ணலாம் போல இருந்தது.

"பேரு என்னங்க?" என்று பதிவேட்டைத் திறந்தேன்.

"மேடம்."

"டாக்டர் பேரு இல்ல, நாய் பேரு."

"நாய் பேருதான் மேடம். வேன்ல முன் சீட்டுல வேற யாரையும் உக்கார விடமாட்டா. அப்புறம் வேற என்னன்னு கூப்பிடறது?"

தங்கை சிரித்தாள். நாயைத் தரையில் விடச் சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டினாள். மேடம் இரண்டு அடி நடந்தது, முதுகை வில்லாக வளைத்து நின்றது, மெதுவாகப் படுத்தது. ஆறு மாதமாகச் சாப்பிட்டதில் பாதியை வாந்தி எடுக்கிறது, மருந்து கொடுத்தால் பத்து நாள் சரியாகிறது, மறுபடி ஆரம்பித்துவிடுகிறது என்றார் வேன்காரர். வேறொரு டாக்டர் புற்றுக்கட்டி என்று சொல்லி, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்றாராம்.

"நான் மாட்டேன்னுட்டேன். இவ இல்லாம எனக்கு வீட்ல வேற யாருமில்லீங்க" என்றார். இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

தங்கை மண்டியிட்டு வயிற்றைத் தடவினாள். அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது. நாயைப் புரட்டி, மயிரை விலக்கினாள். நடுவயிற்றில் பழைய தழும்பு ஒன்று, மெல்லியதாக, நேராக ஓடியது.

"கருப்பை எடுத்த ஆபரேஷன். இது எங்க பண்ணினது?"

"தெரியாதுங்க. ரெண்டு வருஷம் முன்னாடி பேங்க்ல வேலை பாக்கற ஒரு அம்மா ஊர் மாறிப் போகும்போது எங்கிட்ட குடுத்தாங்க. அப்பவே பண்ணியிருந்தது."

எக்ஸ்ரே எடுத்தோம். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இடது பக்கம், சிறுநீரகத்துக்குக் கீழே, முஷ்டி அளவுக்கு ஒரு நிழல். அதற்குள் சுருள் சுருளாகச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், பஞ்சுக்குள் காற்று அடைத்துக்கொண்டதைப் போல. நான் கேட்டேன்.

"கட்டியா பாப்பா?"

"கட்டிக்குள்ள காத்து இப்படி நிக்காது."

"அப்ப?"

"துணி." படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அண்ணா, பழைய பதிவேட்டை எல்லாம் எடு. பேங்க் அம்மா, பழுப்புப் பெட்டை, இடது பாதம் வெள்ளை. தையல் என்னோடது மாதிரி இருக்கு."

இரண்டாவது பதிவேட்டிலேயே கிடைத்தது. நாலு வருடம் முன்பு, என் கையெழுத்தில். போனது பத்து. வந்தது பத்து. எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன்.

"பாரு, நம்மளோடது இல்ல. பத்து போயிருக்கு, பத்து வந்திருக்கு. வேற யாரோ நடுவுல திறந்திருக்காங்க."

"தழும்பு ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

"ஆளுக்கு இப்பவே ஒண்ணும் சொல்லிடாத. திறந்து பாத்துட்டுச் சொல்லிக்கலாம். நம்ம பேரு என்ன ஆகும்?"

"நம்மளோடதா இருந்தா, அவரு நாயை நம்மகிட்டயே விடலாமா வேண்டாமான்னு அவருதான முடிவு பண்ணணும்? திறந்தப்புறம் கேட்டா அது கேள்வியா?"

நேராக வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன். வேன்காரர் பெஞ்சில் நாயின் தலையை மடியில் வைத்திருந்தார். அவள் எதிரே நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள்: உள்ளே துணி இருக்கிற மாதிரித் தெரிகிறது, பழைய ஆபரேஷன் நடந்தது இங்கேதான், துணியை உள்ளே விட்டது நானாகவே இருக்கலாம், வேறு பெரிய டாக்டரிடம் போக விரும்பினால் படத்தோடு கடிதமும் தருகிறேன்.

அவர் எழுந்து நின்றார். அறை சின்னதாகிவிட்டது.

"உங்க கையாலயா?"

"என் கையாலதான்."

குனிந்து நாயின் தலையைத் தொட்டார். "இன்னொருத்தர் தூங்க வைக்கலாம்னாரு. நீங்க திறக்கலாங்கறீங்க. அதனால இங்கயே விடறேன். பிழைச்சா நான் ஒண்ணும் பேசமாட்டேன். பிழைக்கலன்னா..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "நான் இங்கதான் உக்காந்திருப்பேன்" என்று பெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். மயக்கம் கொடுக்கத் தங்கையோடு படித்த ஒரு டாக்டர் வந்திருந்தார். துணிகளை இரண்டு முறை எண்ணினேன். ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து எண்ணினேன். சரியாக இருபது. பலகையில் இரண்டு வரிசை கொக்கி காலியாக இருந்தன. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சில், அந்தப் பெரிய முதுகு அசையாமல் தெரிந்தது.

வயிற்றைத் திறந்ததும் ஒரு நாற்றம் வந்தது. குடல் ஒரு இடத்தில் சுருண்டு, எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தங்கை சுற்றியிருந்த சதையை நூல் நூலாகப் பிரித்தாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பழுப்பு உருண்டையை எடுத்துத் தனித் தட்டில் வைத்தாள். "அண்ணா, அதை உப்புத் தண்ணியில அலசு."

அலசினேன். அழுக்கு கரையக் கரைய அது விரிந்தது. முழுத் துணி. நாலு ஓரத்திலும் நீலத் தையல்.

இந்த ஊரில் நீல நூலால் காஸ் துணிக்கு ஓரம் அடிப்பவள் ஒருத்திதான். காலையில் எனக்கு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள்.

"நம்மளோடது" என்றேன்.

"தெரியும். இப்ப அதைப் பாக்காத. கொக்கியைப் பாரு."

துணி குடலை அரித்துப் பாதி உள்ளே நுழைந்திருந்தது. அந்தத் துண்டுக் குடலை வெட்டி எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டியிருந்தது. நடுவில் ஆழத்தில் எங்கோ ரத்தம் கொப்பளித்தது. "கத்தரி" என்றாள், "இடுக்கி" என்றாள், நின்றது. நான் சுவர்ப் பக்கம் திரும்பித் துணிகளை மாட்டிக்கொண்டே இருந்தேன். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. எல்லாக் கொக்கியும் நிறைந்தது.

தட்டில் இன்னொன்று கிடந்தது.

அதை இடுக்கியில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டக் கொக்கி இல்லை. இத்தனை நாளும் இந்த இடத்தில் மனைவியைத் திட்டிக்கொண்டு "கூட 1" என்று எழுதியிருப்பேன். இன்றைக்கு எண்ணியது அவள் இல்லை. நான். விரித்து விரித்து, இரண்டு முறை.

"சரியா அண்ணா? மூடலாமா?"

"இரு." "கூட ஒண்ணு இருக்கு."

ஒவ்வொரு துணியாகக் கொக்கியிலிருந்து எடுத்து அலசி விரித்தேன். பத்தொன்பதில் நாலு ஓரமும் நீலம். இரண்டில் மூன்று ஓரம்தான் நீலம். நாலாவது ஓரம் கத்தரி வெட்டு. ரத்தத்தில் நனைந்து கசங்கிவிட்டால் அரைத் துணியும் முழுத் துணியும் பார்வைக்கு ஒன்றுதான்.

"பாப்பா, நீ துணியை வெட்டுவியா?"

மயக்கம் கொடுக்கும் டாக்டர் பக்கத்தில் இருக்கிறார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவள் தலையைத் தூக்கினாள். "ரொம்ப ஆழத்துல ரத்தம் வந்தா முழுசு உள்ள போகாது. பாதியா வெட்டி இடுக்கியில பிடிச்சு வைப்பேன். எப்பவாவதுதான். ஏன்?"

நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. முகமூடிக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. அது அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை. நாலு வருடம் முன்பு பத்தில் ஒன்றை வெட்டியிருக்கிறாள், பதினொன்றாகியிருக்கிறது. ஒன்று உள்ளே தங்க, பத்து வெளியே வந்தது. நான் பத்துக் கொக்கியும் நிறைந்ததைப் பார்த்து "சரி" என்றேன். அவள் மூடினாள். அவள் வெட்டுவது எனக்குத் தெரியாது. நான் துண்டுகளை விரிக்காமல் எண்ணுவது அவளுக்குத் தெரியாது. ஆறு வருடமாக மூன்றடி தள்ளி நின்று வேலை செய்திருக்கிறோம்.

"இப்ப இந்த இருபதும் முழுசா இருக்கா?"

"இருக்கு. பத்தொன்பது முழுசு, ரெண்டு பாதி."

"சரி, மூடறேன்" என்று ஊசியை எடுத்தாள். கை நடுங்கவில்லை. அந்தக் கையைப் பற்றி நான் பெருமைப்பட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

முடித்ததும் அந்தத் துணியைத் தட்டோடு எடுத்துப்போய் வேன்காரர் முன் நீட்டினாள். "எங்களோடது. நான் ஒண்ணை வெட்டியிருக்கேன், அது எண்ணிக்கையில விழல. தப்பு என்னோடது."

"எண்ணினது நான்" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. துணியை மட்டும் பார்த்தார். "இவ்வளவு பெருசா" என்றார். பிறகு, "எத்தனை நாள்ல தெரியும்?"

"அஞ்சு நாள். ஒட்டின குடல் பிரியறதா இருந்தா மூணுலேருந்து அஞ்சுக்குள்ள பிரியும். பிரிஞ்சா மறுபடி திறக்கணும். அதை அவ தாங்குவாளான்னு சொல்ல முடியாது."

காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவார். வேனை எங்கள் வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, கூண்டுக்கு முன் ஸ்டூலில் உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் டீ வைத்தால் ஆறிப்போகும். இரண்டாவது நாள் மேடம் வாலை ஒருமுறை ஆட்டியது. மூன்றாவது நாள் காய்ச்சல் ஏறியது. நாலாவது நாள் காய்ச்சல் இறங்கவில்லை. வயிறு தொட்டால் இறுகியது. தங்கை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கூண்டுக்கு முன் வந்து கையைப் பின்னால் கட்டி நின்றாள். வேன்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"என்ன டாக்டர், வேடிக்கை பாக்கறீங்க?"

அந்தப் பெயரை அவர் எங்கே கேட்டார் என்று தெரியவில்லை. சிரிப்புக்காகச் சொன்னதாகவும் தெரியவில்லை.

"ஆமா" என்றாள் அவள். "வேற எதுவும் இப்ப செய்யறதுக்கு இல்ல."

அஞ்சாம் நாள் காலை பத்து மணிக்கு மேடம் எழுந்து, தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்து, ஸ்டூலில் இருந்த வேன்காரரின் பிஸ்கட் பொட்டலத்தைக் கூண்டுக் கம்பி வழியாக இழுத்தது. காய்ச்சல் இல்லை. வயிறு இளகியிருந்தது. வேன்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் தோளில் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். வாசலில் திரும்பினார். "ஒண்ணும் பேசமாட்டேன்னு சொன்னேன். பேசல. ஆனா ஒண்ணு கேக்கணும். என் மேடத்துக்கு நடந்தது மேடத்துக்கு மட்டும்தானா?"

வேன் போன பிறகும் அந்தக் கேள்வி வாசலிலேயே நின்றது.

அன்று பிற்பகல் மருத்துவமனையைச் சாத்திவிட்டு எல்லாப் பதிவேடுகளையும் மேஜையில் பரப்பினோம். ஆறு வருடத்தில் வயிறு திறந்தவை எழுநூற்றுப் பதினான்கு. அதில் "கூட 1" என்று நான் எழுதியவை இருபத்திமூன்று. அந்த இருபத்திமூன்று நாள்தான் என் மனைவி திட்டு வாங்கினாள். அந்த இருபத்திமூன்றும்தான் பத்திரம். வெட்டிய துணி அத்தனையும் வெளியே வந்துவிட்டதற்கு அதுதான் சாட்சி. பயப்பட வேண்டியது மற்றவை: என் அழகான கையெழுத்தில், போனது பத்து, வந்தது பத்து.

"பெரிய நாய், கொழுத்த வயிறு, ரத்தம் ஜாஸ்தின்னு நான் குறிச்சிருக்கறது, இதை மட்டும் தனியா எடு" என்றாள். பிரித்தெடுத்ததில் அறுபத்தெட்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொலைபேசி எண்ணை நான் எழுதி வைத்திருந்தேன். ஒன்றுகூட விடுபடவில்லை.

தானே பேசுவதாகச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

முதல் எண்ணில் ஒரு பெண் எடுத்தார். நாய் நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல்லப் பின்னால் அது குரைத்தது. எதற்கும் ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள் தங்கை. நான் டிக் போட்டேன். இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது எண்ணில் மணி வெகுநேரம் அடித்தது.

"யாருங்க?" ஒரு ஆண் குரல்.

தங்கை தான் யார் என்று சொன்னாள். நாயைப் பற்றிக் கேட்டாள்.

"அதுவா? போன வருஷமே போயிடுச்சுங்களே டாக்டர். சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்துது. வயித்துல கட்டின்னாங்க. வயசும் ஆயிடுச்சேன்னு ஊசி போட்டுட்டோம்." பிறகு, "எதுக்குங்க இப்ப கேக்கறீங்க?"

என் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. தங்கை என்னைப் பார்த்தாள். போனை வைத்துவிடலாம். வயதான நாய், செத்து ஒரு வருடம், புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

"நேர்ல வந்து சொல்றேங்க. இப்ப வீட்ல இருப்பீங்களா?" என்று கேட்டாள்.

இருப்பேன் என்றார் அவர். அவள் வண்டிச் சாவியை எடுத்தாள். நான் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். பட்டியலில் இன்னும் அறுபத்தைந்து பேர் மிச்சமிருந்தார்கள்.